கொடுத்தவருக்கும் ஒரு ஃபைல் வேண்டும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 47. மும்பையில் செம்பூரில் இருக்கிறோம், ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 2016-ல் என் கணவருக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். அவர் நலமாக இருக்கிறார். கொடுப்பதற்கு முன் எனக்கு கிரியாட்டினின் 0.8 இருந்தது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 1.1. அதன் பிறகு நான் பரிசோதனைக்குப் போகவில்லை. சென்ற மாதம் அலுவலகத்தில் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் கிரியாட்டினின் 1.2, இ.ஜி.எஃப்.ஆர். 56 என்று வந்து, அதற்குக் கீழே 'நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3' என்று அச்சாகியிருக்கிறது. அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, பருப்பை அடியோடு நிறுத்திவிட்டு தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். திருநெல்வேலியிலிருந்து அத்தை ஒரு சூரணம் அனுப்பியிருக்கிறார். முட்டி வலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவேன். ரிப்போர்ட்டை என் கணவரிடம் காட்டவில்லை. காட்டினால் 'எல்லாம் என்னால்தானே' என்று உடைந்துபோவார். எனக்கும் டயாலிசிஸ் வந்துவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், டயாலிசிஸை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலையில் நீங்கள் இல்லை. அதற்காக, ஒன்றுமே இல்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லக்கூடிய இரண்டு முக்கியமான விவரங்கள், அதாவது சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதும் உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதும், உங்கள் கடிதத்தில் இல்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளாக உங்களை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்த 56 என்ற எண்ணைப் பார்ப்போம். இ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி லிட்டர் ரத்த நீரை வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு. வழக்கமான செக்கப்களில் அதை நேரடியாக அளப்பதில்லை. தசையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகம் வழியே வெளியேறும் கழிவான கிரியாட்டினினின் அளவு, வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டால் கணினி அந்த எண்ணைத் தருகிறது. உங்களுக்கு ஒரே சிறுநீரகம்தான் என்பதோ அதை நீங்களே மனமுவந்து கொடுத்தீர்கள் என்பதோ அந்தக் கணினிக்குத் தெரியாது. 60-க்குக் கீழே வந்தால் யாருக்கும் அதே வரியைத்தான் அச்சிடும். 47 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 1.1 என்றால் இன்று வழக்கிலுள்ள 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி இ.ஜி.எஃப்.ஆர். 62 வரும். 1.2 என்றால் 56. தசமப் புள்ளிக்குப் பின்னே ஒரே ஓர் இலக்கம் கூடியதற்கே நீங்கள் 60 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட்டீர்கள். முந்தின இரவு ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலோ, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள் என்று தண்ணீரும் குடிக்காமல் போயிருந்தாலோ, வேறொரு லேபில் வேறு முறையில் பார்த்திருந்தாலோ இந்த அளவு வித்தியாசம் எளிதாக வந்துவிடும்.

இனி உங்கள் பழைய எண்களுக்கு வருவோம். 2016-ல் 0.8 இருந்தபோது உங்கள் இ.ஜி.எஃப்.ஆர். கிட்டத்தட்ட 97. இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டதால் அது பாதியாகி 48 ஆகியிருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஓராண்டு கழித்து வந்த 1.1-ஐக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 66 வருகிறது. எஞ்சிய சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, அது சற்றே பருத்து, கூடுதல் வேலையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. தானம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு மொத்தத் திறன் முன்பு இருந்ததில் 60 முதல் 70 விழுக்காடு அளவில் நிலைகொள்ளும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகு, இரண்டு சிறுநீரகமும் உள்ளவர்களுக்கே ஆண்டுக்கு ஒரு புள்ளி போலக் குறைந்துகொண்டு வருவது இயல்பு. 66-லிருந்து 56-க்கு எட்டு ஆண்டில் வந்திருப்பது அந்த இயல்பைவிடச் சற்று வேகம்தான் என்றாலும் மிக வேகமில்லை; அதுவும் ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் சொல்லும் கணக்கு.

நாள்பட்ட நோய் என்று பெயரிட வேண்டுமானால் அந்தக் குறைபாடு குறைந்தபட்சம் மூன்று மாதங்களுக்கு நீடிக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. எனவே சென்ற மாதம் எடுத்த பரிசோதனையிலிருந்து மூன்று மாதம் கழித்து, அதே லேபில், முந்தின நாள் கறி, மீன் தவிர்த்து, வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். தசையின் அளவோ சாப்பிட்ட கறியோ அதை அதிகம் பாதிப்பதில்லை என்பதால், இ.ஜி.எஃப்.ஆர். 45-க்கும் 59-க்கும் இடையே நிற்பவர்களுக்கு நிலவரத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள அது உதவும். மும்பையின் பெரிய லேப்களில் செய்கிறார்கள்.

ஆனால் மூன்று மாதம் காத்திராமல் இந்த வாரமே செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. செக்கப்களில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்து 'புரதம் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உங்களுக்கு அது போதாது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை, ஏ.சி.ஆர். என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களிலும், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ உள்ளபோதும், வேகமாக உடற்பயிற்சி செய்த மறுநாளும் கொடுக்காதீர்கள். பொய்யாகக் கூடிக் காட்டும். விகிதம் 30-க்குக் கீழே இருந்து, 56 என்ற எண்ணும் அங்கேயே நின்றால், உங்கள் சிறுநீரகம் நோயுற்றிருக்கிறது என்று சொல்ல மாட்டேன்; தானம் செய்தவரின் ஒற்றைச் சிறுநீரகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்வேன். 30-க்கு மேலே போனால், மறுபடி பார்த்து உறுதிசெய்தபின் சிறுநீரக மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் நீங்கள் இருக்க வேண்டும். அப்படி வந்தாலும் கலங்க வேண்டாம். புரதக் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. என் பயிற்சிக் காலத்தில் எங்களிடம் இருந்ததைவிட மிக நல்லவை.

டயாலிசிஸ் பற்றி நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் சிறுநீரக தானம் செய்த 96,217 பேரைப் பின்தொடர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, தானம் செய்த 10,000 பேரில் தங்கள் வாழ்நாளுக்குள் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் நிலைக்கு வருபவர்கள் 90 பேர், அதாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தானம் செய்யாத, ஆனால் அதே அளவு ஆரோக்கியமானவர்களில் இது 14. ஆரோக்கியம் பார்த்துத் தேர்ந்தெடுக்காத பொதுமக்களில் 326. தானம் கொடுப்பதால் அபாயம் கூடுகிறது என்பது உண்மை. அதைக் கொடுப்பவரிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கூடிய பிறகும் அது சிறியதுதான். அந்த எண்கள் அமெரிக்கர்களுடையவை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இளம் வயதிலேயே வந்துவிடும் நம் மக்களுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. அதனால்தான் உங்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை தேவை என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரத்த அழுத்தத்தை மருத்துவமனையில் ஒருமுறை பார்ப்பதை நம்ப வேண்டாம். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி உங்கள் கணவருக்காக வீட்டில் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, பேசாமல், கையை மார்பு மட்டத்தில் வைத்து, காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என ஒரு வாரம் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 130-க்கு 80 என்பதற்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேலே நின்றால் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில். நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் மொத்தக் கணக்கு. சாம்பாரில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டின் ஓரத்தில் ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு ஒரே வேளையில் முடிந்துவிடும். நம் ஊர்க் கருவாடும் மும்பையின் ஃபர்சான் என்ற கார நொறுக்குத்தீனியும் அப்படியே. 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, 'முட்டி வலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுவேன்' என்பதுதான். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெடிக்கலில் 'முட்டி வலி' என்று கேட்டால் அட்டையிலிருந்து வெட்டித் தருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இபுபுரோஃபென் இருக்கிறது. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் வாங்கும் மெஃப்டாலில் இருக்கும் மெஃபனமிக் அமிலமும் இதே குடும்பம்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் சிறு குழாயை விரிந்த நிலையில் வைத்திருக்கச் சில இயற்கைப் பொருட்கள் நம் உடலில் சுரக்கின்றன. வலியைக் குறைக்கும் அதே செயலால் இந்த மாத்திரைகள் அந்தச் சுரப்பையும் தடுத்துவிடுகின்றன. குழாய் சுருங்குகிறது, வடிகட்டிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டு சிறுநீரகம் உள்ளவர் எப்போதாவது ஒன்று போட்டால் தாங்கிக்கொள்வார். கூடுதல் ரத்த ஓட்டத்தை நம்பியே இரண்டின் வேலையையும் செய்துகொண்டிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்துக்கு, அதுவும் வயிற்றுப்போக்கிலோ வெயிலிலோ உடல் வறண்டிருக்கும் நாளில், அதே ஒரு மாத்திரை பெரிய கேடாகிவிடலாம். பி.பி. மாத்திரையும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடும். உங்கள் கிரியாட்டினின் 1.2-க்குப் போனதில் இந்த மாத்திரைகளுக்கும் பங்கு இருக்கலாம். இன்றே நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது அது தெரிந்துவிடும். வலிக்கு, மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போடலாம். அதைவிட முக்கியம் முட்டிக்கான உடற்பயிற்சி. ரயில் நிலையத்தில் நாள்தோறும் மேம்பாலப் படி ஏறி இறங்கும் உங்களுக்குத் தொடைத் தசை வலுவானால் வலி தானாகவே குறையும். ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சில அமர்வுகளில் கற்றுக்கொள்ளலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், 'எனக்கு ஒரு சிறுநீரகம்தான்' என்பதை முதலில் சொல்லுங்கள். ஸ்கேனுக்காகச் சாயம் ஏற்ற வேண்டிவந்தாலும் அப்படியே.

அத்தை அனுப்பிய சூரணம் அன்போடு வந்தது. அந்த அன்பை ஏற்றுக்கொண்டு சூரணத்தை அப்படியே மூடி வையுங்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் உட்பொருளின் பெயர் எழுதாத பொட்டலத்தை ஒரே சிறுநீரகத்தை வைத்திருப்பவர் உட்கொள்ளக் கூடாது. நம் நாட்டு மூலிகைகளில் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகிய இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை மீள முடியாதபடி கெடுப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்கு என்று கொடுத்த சீன மூலிகைக் கலவையில் இந்த இனச் செடி ஒன்று தவறுதலாகக் கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. பற்பம், செந்தூரம் போன்றவற்றில் பாதரசமும் ஈயமும் சேரக்கூடும் என்பது தனி ஆபத்து. அத்தையிடம், டாக்டர் எந்த மருந்தும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பருப்பை நிறுத்த வேண்டாம். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 48 கிராம் புரதம் உங்களுக்குத் தேவை. நம் வீட்டுப் பெண்கள் பலர் அதைக்கூட எட்டுவதில்லை. ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 7 முதல் 9 கிராம் வரைதான் இருக்கிறது. பருப்பு, தயிர், வாரம் இரண்டு நாள் மீன் என்று சாப்பிடுங்கள். புரோட்டீன் பவுடர் மட்டும் வேண்டாம். பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை காய்கறியை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவது போன்ற கட்டுப்பாடுகள் எதுவும் உங்களுக்கு இல்லை. தண்ணீரும் ஐந்து லிட்டர் தேவையில்லை. அதிகம் தண்ணீர் குடிக்கவைத்தால் சிறுநீரகத் திறன் குறைவது தடுக்கப்படுமா என்று கனடாவில் 631 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், தடுக்கப்படவில்லை என்றே தெரிந்தது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்கு, மும்பைப் புழுக்கத்தில் இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் வரை போதும். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகும் பெண்களில் பலர், வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் போகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்பவரானால் அதை மாற்றியே ஆக வேண்டும். அலுவலகத்தில் நுழைந்ததும் முதல் வேலை கழிப்பறை, அடுத்தது ஒரு பெரிய குவளைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இருப்பதால் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த் தூளும் தூவி விற்கும் கம்ரக், அதாவது நட்சத்திரப் பழம், உங்களுக்கு வேண்டாம். அதில் ஆக்ஸலேட் மிக அதிகம். அதன் சாற்றை நிறையக் குடித்து நல்ல சிறுநீரகமே திடீரெனச் செயலிழந்ததுண்டு. மற்றொன்று மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் பெய்ததை இந்த ஊர்க்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார். தண்ணீர் வடிந்த பிறகு வந்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நடக்கும்போது காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக நுழையும் அந்தக் கிருமி நேரே தாக்கும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. குர்லாவிலோ சயானிலோ கிங்ஸ் சர்க்கிளிலோ முழங்கால் தண்ணீரில் நடந்தே வீடு சேர வேண்டிய நாள் வந்தால், வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரையோ மாநகராட்சி மருந்தகத்தையோ அணுகித் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். அதன்பின் காய்ச்சல் வந்தால் 'வைரல்' என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

விலாவுக்குக் கீழே வலது பக்கம் கடும் வலி வந்து சிறுநீர் நின்றுபோனாலோ மிகவும் குறைந்தாலோ, அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு உள்ளவருக்கு ஒரு பக்கம் கல் அடைத்தால் மறுபக்கம் வேலை செய்யும். உங்களுக்கு அந்த மறுபக்கம் இல்லை. குளிர் காய்ச்சலோடு அந்த வலி வந்தாலும் அவசரம்தான்.

கடைசியாக உங்கள் கணவர். நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவியர், தாய்மார், சகோதரிகள். வாங்கிக்கொண்டவருக்கு ஒரு தடித்த ஃபைல் இருக்கும். மருந்து அளவு, கிரியாட்டினின், ஸ்கேன், அடுத்த தேதி என்று எல்லாம் அடுக்காக இருக்கும். பல வீடுகளில் அந்த ஃபைலைப் பேணிவருபவரே கொடுத்த பெண்தான். அவருக்கென்று ஒரு தாள் இருக்காது. இதில் மருத்துவர்களாகிய எங்கள் பங்கும் உண்டு. 'நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்று அவரைக் கதவருகிலேயே நிறுத்திவிடுகிறோம். உங்கள் கணவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். நீங்கள் மறைத்து, பின்னொரு நாள் அவராகக் கண்டுபிடித்தால், குற்ற உணர்வோடு தனக்குச் சொல்லவில்லையே என்ற வேதனையும் சேரும். காட்டும்போது இந்தப் பதிலையும் சேர்த்துப் படிக்கக் கொடுங்கள். உங்கள் உடம்புக்கு இப்போது என்ன நேர்ந்திருக்கிறது, என்ன நேரவில்லை என்பது அவருக்குப் புரியும். அவர் ஒன்பது ஆண்டுகளாக இந்த எண்களோடு வாழ்பவர். கிரியாட்டினின் என்றால் என்ன என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், உப்பைக் குறைத்த சமையலும் அவருக்குப் புதிதல்ல. உங்களைக் கவனித்துக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

அவருடைய மருத்துவரிடமே உங்களையும் ஒரு நோயாளியாகப் பதிவுசெய்து கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின், ஏ.சி.ஆர்., ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம். ஏதாவது மாறுதல் தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அவர் அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும் காலையிலேயே நீங்களும் உடன் போய், வரிசையில் அவருக்கு அடுத்து உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள்.